ஆஞ்சியோகிராமில் அடைப்பில்லை; பிறகு ஏன் கண்ணும் சிறுநீரகமும் தளர்கின்றன?

மலேசியாவின் பட்டர்வொர்த் நகர வாசகர் ஒருவரின் கேள்வி, 2 மார்ச் 2025:

அப்பாவுக்கு 71 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) நெடுங்காலமாக இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஞ்சியோகிராம் எடுத்தோம். அடைப்பு ஏதுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயதானால் ரத்தக்குழாய் பழைய இரும்புக் குழாய் மாதிரி துருவேறி அடைத்துக்கொள்ளும் என்பார்கள். அவருக்குத்தான் அடைப்பே இல்லையே! பிறகு ஏன் கண்ணின் உள்ளே ரத்தக் கசிவு என்கிறார்கள், சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்கிறார்கள், ஞாபகமும் முன்போல் இல்லை? மூன்றும் தனித்தனி நோய்களா?

2 மார்ச் 2025, இரவு

தனித்தனி நோய்களாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூன்றுக்கும் பொதுவான ஒன்றை. கண், சிறுநீரகம், மூளை ஆகிய மூன்றும் மிகச் சிறிய ரத்தக்குழாய்களை நம்பி வாழும் உறுப்புகள். ஆஞ்சியோகிராமில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள்தான் தெளிவாகத் தெரியும். அதற்குக் கீழே நுண்தமனிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் கீழே 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள தந்துகிகள் இருக்கின்றன. ஒரு சிவப்பணுவின் அகலம் 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் என்பதால், பல தந்துகிகளில் அது உடலை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அந்த அளவில் நடப்பது எதுவும் ஆஞ்சியோகிராம் படத்தில் விழாது. "அடைப்பில்லை" என்ற சொல் பெரிய குழாய்களைப் பற்றிய நற்செய்தி மட்டுமே.

இரும்புக் குழாய் உவமையை விட்டுவிடுங்கள். தந்துகியின் சுவர் ஒரே ஓர் உயிரணு அடுக்கு. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் சொல்லும் உட்படலம் அதுதான். பெரிய குழாய்களின் உள்முகத்தையும் அதே படலம்தான் மூடியிருக்கிறது. அது உயிருள்ளது, ரத்த ஓட்டத்தை உணர்கிறது, குழாயை விரியச் சொல்கிறது, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கிறது. வயதாகும்போது முதலில் மங்குவது அந்த மறுமொழி. அடைப்பு, கசிவு, சிதைவு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

3 மார்ச் 2025

அந்தப் படலம் விரியச் சொல்கிறது என்று எழுதியிருந்தேன். எப்படிச் சொல்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

1980ஆம் ஆண்டு வரை உட்படலம் வெறும் விரிப்பு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்துப் பார்த்தார். உட்படலம் கெடாமல் இருந்த துண்டுகள் தளர்ந்து விரிந்தன. உட்படலம் உரசிப் போயிருந்த துண்டுகள் விரியவில்லை. அப்படியானால் அந்த மெல்லிய அடுக்கிலிருந்து ஏதோ ஒரு செய்தி, அதைச் சுற்றியுள்ள தசைக்குப் போகிறது என்று பொருள். அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயுவின் ஆயுள் சில விநாடிகளே. ஆகவே உட்படலம் அதை நொடிதோறும் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயதாகும்போது இரண்டு இடங்களில் இழப்பு ஏற்படுகிறது. ஒன்று, உயிரணுவுக்குள் பெருகும் சூப்பர்ஆக்சைடு என்ற வினைமிக்க ஆக்சிஜன், உண்டான நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே பிடித்து அழித்துவிடுகிறது. மற்றொன்று இன்னும் மோசமானது: நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க வேண்டிய நொதியே, தனக்குத் துணைநிற்கும் பொருள் கெட்டுப்போனால், நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக அதே சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. காவலுக்கு நின்றவரே கதவைத் திறந்துவிடுவதைப் போன்ற இந்த நிலையை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. இத்துடன், குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருளின் கையும் ஓங்குகிறது.

எந்த வயதில் தொடங்குகிறது? டேவிட் செலர்மாயரும் உடன் உழைத்தவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிக்காத, வேறு நோயில்லாத ஆண்களுக்கு 40 வயதைத் தாண்டியதும் இந்த விரிவாற்றல் குறையத் தொடங்கியது. பெண்களுக்கு ஐம்பதுகளின் தொடக்கம் வரை நிலையாக இருந்து, மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குப் பின் ஆண்களைவிட வேகமாகச் சரிந்தது. நோய் எதுவும் இல்லாதவர்களிடமே இப்படி என்றால், இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

5 மார்ச் 2025

முன்கையிலும் புறங்கையிலும் காரணமின்றித் தோன்றும் கருஞ்சிவப்புத் திட்டுகளைப் பற்றி, "கெட்ட ரத்தம் வெளியே வருகிறது, நல்லதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படி நம்ப வேண்டாம்.

என் அம்மாவுக்கு எண்பதைக் கடந்த வயது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றியதும் கையில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். தொட்டால் வலி இல்லை, வீக்கம் இல்லை, விரலால் அழுத்தினாலும் நிறம் மறைவதில்லை. ஏனென்றால் அந்த ரத்தம் குழாய்க்குள் இல்லை, தோலுக்குள் பரவிவிட்டது. நாட்கள் செல்லச் செல்ல விளிம்பு பழுப்பாகி, இரும்புக் கறைபோல ஒரு சாயல் மட்டும் மிஞ்சுகிறது. இங்கே குற்றம் குழாயில் மட்டும் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள், வயதாலும் வாழ்நாள் முழுவதும் பட்ட வெயிலாலும் மெலிந்துவிட்டன. தாங்கு இல்லாத குழாய், லேசான உரசலுக்கே கிழிகிறது. தோட்டத்தில் வெயிலில் உழைத்த கைகளில் இது கூடுதலாகத் தெரிகிறது. சட்டைக்குள் மறைந்திருந்த மேற்கையில் அரிது.

இந்தத் திட்டுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆஸ்பிரினோ ரத்தத்தை இளக்கும் வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம் வரும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கையைத் தாண்டி உடலிலும் காலிலும் திட்டுகள் வந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், அது வேறு கதை. ரத்தப் பரிசோதனை வேண்டும்.

8 மார்ச் 2025

இன்று கண்ணைப் பற்றி எழுதுகிறேன். பினாங்கில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் விழித்திரைப் படம் எடுக்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் இருந்தவன் என்பதால், இதை மட்டும் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தோலை வெட்டாமல், ஊசி போடாமல், ஒரு மனிதரின் நுண்தமனிகளையும் நுண்சிரைகளையும் நேரே பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, இருபது முப்பது நிமிடம் காத்திருக்கச் சொல்வோம். (அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து, பாலத்தைக் கடந்து திரும்பிப் போக முயன்ற முதியவர்களைத் தடுத்து உட்காரவைப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. துணைக்கு ஆளோடு வாருங்கள்.) தாடையைத் தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஒரு மின்னல் வெளிச்சம், திரையில் செம்மஞ்சள் வட்டம் ஒன்று விரியும்.

முப்பது வயதுக்காரரின் படத்தில் தமனி மெல்லிய, ஒளிரும் கோடாகவும் சிரை சற்றுப் பருத்த, கருஞ்சிவப்புக் கோடாகவும் நெளிந்து, ஒன்றையொன்று எளிதாகக் குறுக்கிடும். ரத்தக் கொதிப்போடு பல ஆண்டுகள் வாழ்ந்தவரின் படத்தில், தமனி குறுகி, அதன் நடுவில் செம்புக் கம்பிபோல ஒரு மினுமினுப்பு தெரியும். தமனி சிரையைக் கடக்கும் இடத்தில், தடித்த தமனிச் சுவர் அழுத்துவதால், சிரை இருபுறமும் கிள்ளியெடுத்ததுபோல் மறைந்து பிறகு மீண்டும் தோன்றும். அந்தக் கிள்ளலைப் பார்த்ததும் அவருடைய ரத்த அழுத்த அட்டையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இனிப்பு நீர் செய்யும் வேலை வேறு மாதிரி. தந்துகியை வெளியிலிருந்து அணைத்துக்கொண்டிருக்கும் பெரிசைட் என்ற உயிரணுக்கள் தொடக்கத்திலேயே மடிகின்றன. அணைப்பு போன இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது. படத்தில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளி. குமிழ் கசிந்தால் ரத்தத் திட்டு. கொழுப்பும் புரதமும் கசிந்து உறைந்தால் மஞ்சள் துகள்கள். இந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்குப் பார்வை முற்றிலும் நன்றாக இருக்கும். "எனக்குத்தான் நாளிதழ் படிக்க முடிகிறதே" என்று சொல்லி, அடுத்த ஆண்டு படம் எடுக்க வராமல் போனவர்களை நான் மறக்கவில்லை. மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. மூன்று பெரிய இனங்களில் நம் இந்தியர்களிடையேதான் இந்த நோய் மிகுதி. ஆண்டுக்கொரு விழித்திரைப் படம் என்பதை நம் வீடுகளில் பிறந்தநாள்போல நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

9 மார்ச் 2025

"நம் உடலின் ரத்தக்குழாய்களை நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும்" என்று இங்கே ஒருவர் பதிந்திருந்தார். அந்த எண் டென்மார்க் ஆய்வாளர் ஆகஸ்ட் குரோ நூறாண்டுக்கு முன் போட்ட ஒரு தோராயக் கணக்கிலிருந்து வந்தது; தந்துகிகள் தசையில் எப்படி இயங்குகின்றன என்பதற்காக 1920இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மிகப் பெருத்த தசையுள்ள ஒரு மனிதரைக் கற்பனை செய்து கணக்கிட்டார். 2021இல் புதிய அளவீடுகளைக்கொண்டு திருத்திப் பார்த்தவர்கள், 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் வரை என்று சொல்கிறார்கள். அதுவே போதிய வியப்பு.

12 மார்ச் 2025

முதல் குறிப்பில் சிறிய குழாய்களை மட்டுமே பேசினேன். மூளையையும் சிறுநீரகத்தையும் பற்றி யோசிக்கும்போது, பெருந்தமனியைச் சேர்க்காமல் கதை முழுமையாகாது என்று படுகிறது.

இதயம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் வீச்சையும் பெருந்தமனி விரிந்து வாங்கிக்கொண்டு, மெல்லச் சுருங்கி, ரத்தத்தைச் சீரான ஓட்டமாக அனுப்புகிறது. அதற்கு உதவும் எலாஸ்டின் நார்கள் இளமையில் உருவானவை. வளர்ந்தபின் புதிதாக உருவாவது மிகக் குறைவு. அவை தேய்ந்து முறியும் இடத்தை விறைப்பான கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. பெருந்தமனி விறைத்ததும், துடிப்பின் வீச்சு மட்டுப்படாமல் கீழே இறங்குகிறது. முதியவர்களின் ரத்த அழுத்த அட்டையில் மேல் எண் 160, கீழ் எண் 70 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளிதான் விறைப்பின் அடையாளம்.

மற்ற உறுப்புகளில் நுண்தமனிகள் சுருங்கி நின்று இந்த வீச்சைத் தடுக்கும். சிறுநீரகமும் மூளையும் ஓயாமல் நிறைய ரத்தம் கேட்கும் உறுப்புகள்: உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்களுக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அதனால் அங்கே வாசல் எப்போதும் அகலத் திறந்திருக்கிறது. வீச்சு தந்துகி வரை போய் இடிக்கிறது. சிறுநீரகத்தில் குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சின் வடிகட்டி கெட்டு, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. மூளையின் ஆழத்திலுள்ள வெள்ளைப் பகுதிக்குப் போகும் நுண்தமனிகள் தடித்துக் குறுகுகின்றன. எம்ஆர்ஐ படத்தில் அங்கே வெண்திட்டுகள் தெரிகின்றன. குறுகுவது கொஞ்சம்தானே என்று எண்ண வேண்டாம். குழாய் வழி ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மற்றவை மாறாதபோது ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இதனால் வரும் மறதி பெரும்பாலும் பெயர்களை மறப்பதைவிட, யோசனை மெதுவாவதாகவும் இரண்டு வேலைகளை ஒருசேரக் கவனிக்க முடியாமல் போவதாகவும் முதலில் வெளிப்படும். பட்டர்வொர்த் நண்பர் தம் அப்பாவிடம் இதைக் கவனித்துப் பார்க்கட்டும். ஆனால் எல்லா மறதியையும் குழாயின் தலையில் போட்டுவிடக் கூடாது. இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்துபோகலாம், அதுவும் ஞாபகத்தைக் கெடுக்கும், தைராய்டும் கெடுக்கும். இரண்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

15 மார்ச் 2025

தந்துகியைத் தாமே பார்க்க வழி உண்டா என்று கேட்ட மாணவிக்கு: உண்டு. மோதிர விரலின் நகம் தோலைச் சந்திக்கும் விளிம்பில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் வையுங்கள். எண்ணெய் தோலின் மேற்பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்காமல் தடுக்கும். கணினியில் செருகும் சிறிய நுண்ணோக்கியை அங்கே காட்டுங்கள். என் மகளின் விரலில் கொண்டையூசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் சிவப்பு வளையங்கள் நெருக்கமாகத் தெரிந்தன. அம்மாவின் விரலில் வளையங்களுக்கிடையே வெற்றிடங்கள். சில வளையங்கள் முறுக்கிக்கொண்டு போயிருந்தன. வயதோடு தந்துகிகளின் எண்ணிக்கை குறைவது பல திசுக்களில் காணப்படும் மாற்றம்தான். ஆயினும் ஒரு வீட்டு நுண்ணோக்கியைக்கொண்டு நோயைத் தீர்மானிக்காதீர்கள்.

ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்தபோதுதான் அந்த இடைவெளி நிறைந்தது. ஒரு சொட்டு எண்ணெயோடு அதை நம் வீட்டு மேசையில் பார்க்க முடிகிறது.

19 மார்ச் 2025

இழந்ததைத் திருப்ப முடியுமா என்பதே எல்லோருடைய கேள்வியும். ஓரளவு முடியும், அதற்குச் சான்றும் உண்டு.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், உடலுழைப்பு இல்லாத நடுவயது, முதிய ஆண்களை மூன்று மாதம் பெரும்பாலும் நடக்கவே வைத்தார்கள். அவர்களுடைய முன்கை ரத்தக்குழாய்கள் அசிட்டைல்கோலினுக்குத் தரும் மறுமொழி, இளைஞர்களின் அளவை ஒட்டி வந்தது. காரணம் எளிது: ரத்தம் விரைந்து ஓடும்போது உட்படலத்தின் மேல் உரசல் கூடுகிறது, அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கத் தூண்டும் இயல்பான கட்டளை. இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதே பலன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துபோவது அதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. நடையால் பெண்களுக்குப் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவர்களுக்கும் குறைகின்றன.

பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் படிகளை மூச்சிரைக்க ஏறினால்தான் பலன் என்று நினைக்க வேண்டியதில்லை. கீழே பொட்டானிக் கார்டனின் சமதளப் பாதையில், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் போதும். நெஞ்சு வலி உள்ளவர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கட்டும். ஆஞ்சியோகிராமில் அடைப்பில்லாத நெஞ்சு வலிக்கும் நுண்குழாய்களின் மறுமொழிக் குறைவு காரணமாகலாம் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

புகையைப் பற்றிச் சுருக்கமாக: உட்படலத்தைக் கெடுப்பதில் அதற்கு நிகரான பழக்கம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து முகர்பவரின் குழாயும் கெடுகிறது.

22 மார்ச் 2025

"நைட்ரிக் ஆக்சைடு தூள்" என்று இணையத்தில் விற்பதை வாங்கலாமா என்று மூவர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நான் வாங்கமாட்டேன். பசாரில் (சந்தையில்) கிடைக்கும் பாயாம், சவி போன்ற கீரைகள், பசலை, பீட்ரூட் ஆகியவற்றில் நைட்ரேட் நிறைய இருக்கிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பைத் தினமும் பயன்படுத்தினால் அந்தப் பாக்டீரியாக்கள் அழிந்து, ரத்த அழுத்தம் சிறிதளவு ஏறுகிறது என்றுகூட ஆய்வுகள் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மட்டும் கீரையின் அளவைப் பொட்டாசியத்துக்காக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய குழாய்களை முளைக்கவைக்கும் மருந்து வருமா என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஈஜிஎஃப் என்ற புரதத்தின் வேலை வயதோடு மங்குகிறது. அதை மிதமாகக் கூட்டிய எலிகள் நெடுங்காலம் நலமாக வாழ்ந்தன என்று 2021இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே புரதம் இனிப்பு நீர்க்காரரின் கண்ணில் மிகுந்தால் கசிவையும் முரட்டுக் குழாய்களையும் உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. அதைத் தடுக்கவே கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஓரிடத்தில் குறை, இன்னோரிடத்தில் மிகை. உடல் முழுவதற்கும் ஒரே மாத்திரையை எழுதித் தருகிறேன் என்பவரை நான் நம்பத் தயாராக இல்லை.

2 ஏப்ரல் 2025

பட்டர்வொர்த் நண்பர் அப்பாவின் சிறுநீர்ப் பரிசோதனையைப் பதிந்திருக்கிறார்: கசியும் ஆல்புமினுக்கும், கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் 6.8. இதன் அலகு மில்லிமோலுக்கு மில்லிகிராம். 3க்குக் கீழே இயல்பு, 3 முதல் 30 வரை மிதமான கசிவு. ஒரே தடவையின் முடிவைக்கொண்டு கலங்க வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உழைப்பு எல்லாம் இதை ஏற்றிக் காட்டும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக்கொண்டு மறுபடி பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு முடிவுகள் உயர்ந்திருந்தால் உறுதி. அப்போது ஏசிஇ தடுப்பான் அல்லது ஏஆர்பி வகை மாத்திரை அப்பாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குளோமெருலஸுக்குள் உள்ள அழுத்தத்தைக் குறைத்துக் கசிவைக் கட்டுப்படுத்துவதில் அவை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. தொடங்கி ஓரிரு வாரத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் பார்த்தாக வேண்டும். முதல் வகையில் வறட்டு இருமல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காமல், இரண்டாம் வகைக்கு மாற்றிக் கேளுங்கள்.